உன் நீலச் சட்டையும் சார்விஸ் பூவும்

ஸ்பைஸ்வுட் ஓடை, கென்டக்கி
மார்ச் 2, 1926

என் செங்குருவிக்கு,

இப்படிக் கூப்பிட்டு ரொம்ப நாளாகிறது. முதலில் எஸ்டில் என்றுதான் எழுதினேன். வேறு யார் வீட்டுக்காரருக்கோ எழுதுகிற மாதிரி இருந்தது. அடித்துவிட்டு, உன் தலைமயிரைப் பார்த்து நான் வைத்த பெயரையே எழுதியிருக்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனது மூன்று குளிர்காலம். பிழை இருந்தால் இருக்கட்டும்.

நம் மகள் ஸெல்லா போய் இன்றோடு ஆறு வாரம். என் அண்ணன் லான்ஸோ உனக்கு எழுதியிருப்பார். அவர் எழுதாததை நான் சொல்கிறேன். தொண்டையில் வெள்ளை படர்ந்த ஆறாம் நாள் விடியற்காலையில் போனாள். மண் கல்லாக உறைந்திருந்தது. அண்ணன் மேட்டில் விறகு அடுக்கி, மறுநாள் வரைக்கும் தீ எரியவிட்டு, மண் இளகின பிறகுதான் குழி வெட்டினார். போதகர் ராட்லிஃப் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார். அந்தப் பனியில் அவருடைய கோவேறு கழுதை ஏறாது. பக்கத்து வீட்டு அர்மிண்டா ஒரு ஜெபம் சொன்னாள். ஒரு பாட்டுப் பாடினோம். மூடிவிட்டோம்.

அடக்கப் பிரசங்கம் பாக்கி இருக்கிறது. சார்விஸ் மரம் பூத்ததும் வந்து செய்துவைக்கிறேன் என்று போதகர் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு. குளிர்காலத்தில் போனவர்கள் எல்லோருக்கும் நம் ஓடையில் அப்படித்தானே. அதுவரைக்கும் அவள் போனது பாதிதான் போனது மாதிரி இருக்கிறது எனக்கு.

அவள் தைக்க ஆரம்பித்த ஒட்டுப்போர்வை ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது துண்டு சேர்த்து ஒரு கட்டம். முப்பது கட்டம் வேண்டும். பதினொன்றை அவளே தைத்துவிட்டாள், ஆறு வயதில். ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு பக்கம் இழுக்கிறது. மீதியை நான் தைக்கிறேன். போனவர் கைவேலை ஏதாவது ஒன்றை முன்பெஞ்சில் விரித்துத்தானே வீட்டார் உட்காருவார்கள். அவளுக்கு இதை விட்டால் வேறு கைவேலை கிடையாது. ஏப்ரலுக்குள் முடிக்கிறேன். நீ வந்து என் பக்கத்தில் அதன்மேல் உட்கார வேண்டும். வேறெதுவும் நான் உன்னிடம் கேட்கவில்லை.

அவளுக்கு உடம்பு வந்த அன்றே அண்ணன் ரயிலடிக்கு நடந்துபோய் உனக்குத் தந்தி அடித்தார். அது உன் கைக்கு வந்ததா?

ஓர்லீனா

*

மரம்வெட்டு முகாம், மேற்கு வர்ஜீனியா
மார்ச் 10

லீனி,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நான் சுகம். இங்கே சாப்பாடு முன்னைப் போலவேதான். சமையல்காரன் டட்லி வேகவைத்த அவரையைத் துப்பாக்கியில் போட்டு மான் சுடலாம். கேட்டால், 'பல்லு உன்னோடது, பானை என்னோடது'ங்கிறான்.

தந்தி விஷயம் கேட்டிருந்தாய். தாமதமாகத்தான் வந்தது. பனியில் ரயிலும் நின்றுவிட்டது. அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது.

ஏப்ரலில் வருவது சந்தேகம். ஆறு பெருகும்போதுதான் வெட்டிய மரங்களைத் தண்ணீரில் தள்ளிவிட முடியும். அந்தச் சமயத்தில் மேஸ்திரி ஒருத்தரையும் விடமாட்டார். போன வருஷம் ஒருத்தன் பெண்டாட்டி பிரசவம் என்று கேட்டதற்கு, 'நீயா பெறப்போறே?' என்று கேட்டவர். பெஞ்சில் உன் பக்கத்தில் லான்ஸோ உட்காரட்டும். அவர் பெரிய மனுஷன். நான் இருந்தால் எப்படி இருப்பேனோ அப்படியே இருப்பார்.

நான் கிளம்பும்போது அவள் புகைபோக்கி ஓரமாக மார்ச் பூக் குமிழ்களை நட்டுக்கொண்டிருந்தாள். பாதியைத் தலைகீழாக நட்டாள். நான் பார்த்துவிட்டுச் சொல்லாமல் வந்துவிட்டேன். முளைத்ததா?

கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைக்காதே.

எஸ்டில்

*

ஸ்பைஸ்வுட் ஓடை
மார்ச் 18

எஸ்டில்,

முளைத்தது. தலைகீழாக நட்டதும் முளைத்தது, நேராக நட்டதும் முளைத்தது. தலைகீழ் குமிழ் சுற்றிக்கொண்டு மேலே வர நாள் எடுக்கிறது, அவ்வளவுதான். பத்து நாளாக மஞ்சளாக நிற்கிறது. ஓடைக்கரையில் இரத்தவேரும் வந்துவிட்டது, ஒரே இலையைச் சால்வையாகச் சுற்றிக்கொண்டு. போன வருஷம் அவள் அதைப் பிடுங்கி, வேரிலிருந்து வழிந்த சிவப்பை முகமெல்லாம் பூசிக்கொண்டு வந்து என்னைப் பதறவைத்தாள். இப்போது பிடுங்க ஆள் இல்லாமல் கரை முழுக்க வெள்ளைப் பூவாக இருக்கிறது. எனக்கு அந்தப் பக்கம் தண்ணீர் எடுக்கப் போகப் பிடிக்கவில்லை. சுற்றிக்கொண்டு போகிறேன்.

அண்ணன் நீ ஆகமாட்டார். அவர் அவளுக்குக் குழி வெட்டினார், அதுவே போதும். அப்பன் உட்காருகிற இடத்திலும் அவரைக் கொண்டுபோய் உட்கார வைக்கச் சொல்கிறாயே, கூசவில்லையா உனக்கு?

சனிக்கிழமை அர்மிண்டா மாவுச்சாக்குத் துணித்துண்டுகள் கொண்டுவந்தாள். ஸெல்லா தைத்த கட்டங்களைத் தரையில் பரப்பிப் பார்த்தாள். அவளைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, மனதில் ஒன்றும் நிற்காது.

“ஏன்டி ஓர்லீனா, இதையெல்லாம் பிரிச்சுத் தைச்சுடு. ஒன்னோட ஒன்னு சேராது. சட்டத்துல கட்டி இழுத்தா, குடிகாரன் போன பாதை மாதிரி இருக்கும்.”

“இருக்கட்டும்.”

“போதகர் பாப்பாரு. ஓடையே பாக்கும்.”

“அவ தையல்ல ஒரு நூல் பிரிஞ்சாலும், அர்மிண்டா, நீ இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது.”

அப்புறம் அவள் உட்கார்ந்து எனக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். எட்டு ஊசி கோத்தாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வேறு யாராவது உனக்கு எழுதுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கதவுப் பக்கத்து ஆணியில் தொங்கிய உன் நீலச் சட்டையை வெட்டிவிட்டேன். கல்யாணத்துக்குப் போட்டாயே, அதுதான். உன் கடிதம் வந்த அன்றைக்கே வெட்டினேன். முதுகு, இரண்டு கை, எல்லாம். கழுத்துப்பட்டி மட்டும்தான் மிச்சம்.

அர்மிண்டா அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். “போனவங்க போர்வையில உசுரோட இருக்கிறவன் சட்டையா? புருஷன் செத்தவ செய்ற வேலைடி அது” என்றாள். ஓடை முழுக்க இப்போது அந்தப் பேச்சுதான்.

ஏப்ரல் பதினொன்று. மதியம் ஆரம்பம்.

ஓர்லீனா

*

மரம்வெட்டு முகாம்
மார்ச் 26

லீனி,

உன் கடிதத்தை நாலு நாளாகச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். இன்றைக்கு மழை, வேலை இல்லை. மற்றவர்கள் சீட்டாடுகிறார்கள். நான் விறகுக்கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன கடிதத்தில் நான் எழுதியது பொய். தந்தி நாலாம் நாளே கைக்கு வந்துவிட்டது, கிளம்பி வர நேரம் இருந்தது. ரயிலும் நிற்கவில்லை.

தந்தியில் உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் இருந்தது. மேஸ்திரியிடம் சொல்லக்கூட நிற்காமல் கிளம்பினேன். ரயில் மாறுகிற ஊரில் அவளுக்கு ஒரு ஆரஞ்சு வாங்கினேன். கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தருவதாகச் சொன்னது, நான் வரவில்லை, அதனால் கொடுக்கவில்லை. உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டேன், உறையக்கூடாது என்று. ரயிலடியிலிருந்து ராத்திரி முழுக்கப் பனியில் நடந்து, காலையில் மொட்டைக் கணவாய்க்கு வந்தேன். அங்கேயிருந்து பார்த்தால் நம் வீட்டுப் புகை தெரியும். புகை தெரிந்தது. நல்லது, வீட்டில் அடுப்பு எரிகிறது, அவளுக்கு ஏதோ காய்ச்சுகிறாய் என்று நினைத்தேன்.

பிறகுதான் பார்த்தேன், அது நம் வீட்டுப் புகை இல்லை. மேட்டிலிருந்து வந்தது. மேட்டில் எதற்குத் தீ எரிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? என் அப்பாவுக்கு நானே எரித்திருக்கிறேன்.

நீ கீழே நின்றாய். அந்தப் பழுப்புச் சால்வை. தூரம்தான், ஆனாலும் நீதான். ஒரு கத்துக் கத்தியிருந்தால் உனக்குக் கேட்டிருக்கும். என்னால் இறங்க முடியவில்லை, லீனி. இறங்கினால் அது நிஜமாகிவிடும் என்று இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஆரஞ்சைப் பாறைமேல் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிட்டேன். மறுபடி கோடாரியைப் பிடித்ததும்தான் மூச்சு வந்தது.

இதைப் படித்தபிறகு நீ என்ன நினைத்தாலும் சரிதான். சட்டை விஷயம் முதலில் கோபமாக வந்தது. பிறகு யோசித்தேன். நீ எனக்குச் சரியான இடம்தான் கொடுத்திருக்கிறாய். அவள் போர்வையில், போனவர்களோடு. அந்தச் சட்டை இல்லாமல் நான் எதைப் போட்டுக்கொண்டு முன்பெஞ்சில் உட்காருவது?

ஒரேகானில் இதைவிடப் பெரிய மரங்கள் இருக்கிறதாம். இரண்டு பேர் போகிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள்.

எஸ்டில்

*

ஸ்பைஸ்வுட் ஓடை
ஏப்ரல் 1

என் செங்குருவிக்கு,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. தபால்காரர் தன் கழுதைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறார். அவர் போவதற்குள் இதைக் கொடுத்துவிடவேண்டும். அதனால் கண்டபடி எழுதுவேன்.

முதலில் உன்னை அடிக்கவேண்டும் போல் இருந்தது. கையில் துணி வெட்டுகிற கத்தரி இருந்தது. கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்று அந்தக் கணவாயையே பார்த்தேன். அன்றைக்கு நான் ஒருதடவைகூட அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை. நீ வரும் வழியையே ஆறு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், அவள் போனபிறகு பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கண்டிருப்பேன். பாதித் தப்பு என்னுடையது என்று சொல்லவில்லை. கால்வாசி என்று வைத்துக்கொள்.

ஆரஞ்சைச் சொல்கிறேன் கேள். அடக்கம் முடிந்த மறுநாள் அண்ணன் முயலுக்கு வைத்த பொறியைப் பார்க்கக் கணவாய்ப் பக்கம் போனார். பாறைமேல் ஒரு ஆரஞ்சு இருந்தது என்று கொண்டுவந்தார், கல்லாக உறைந்து. தபால்காரர் பையிலிருந்து விழுந்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். நான் அதுவரைக்கும் மூன்று நாளாக ஒன்றும் தின்னவில்லை. அண்ணன் அதை அடுப்போரம் வைத்து இளக்கி, உரித்து, ஒவ்வொரு சுளையாக என் வாயில் வைத்தார். முழுவதையும் தின்றேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. நீ வைத்துவிட்டுப் போனதைத்தான் நான் தின்றேன், எஸ்டில். நீ இறங்காமல் போனாலும் அது இறங்கி வந்துவிட்டது.

இப்போது சட்டை. கோபத்தில்தான் வெட்டினேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நீலம் நான் நினைத்தது இல்லை. அவள் நினைத்தது. அவள் தைத்த பதினோரு கட்டத்திலும் நடுத்துண்டு மட்டும் இல்லாமல் ஓட்டையாக விட்டிருந்தாள். ஏன்டி என்று கேட்டால், “அது அப்பா சட்டை வைக்கிற எடம்” என்பாள். உனக்குத் தெரியாமல் ஆணிப்பக்கம் போய் முழங்கையைத் தடவிப்பார்ப்பாள். “அப்பா சட்டை எப்பம்மா கிழியும்?” ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை கேட்பாள். கிழிந்தபிறகு தருகிறேன் என்று சொல்லிவைத்திருந்தேன். நீ ஒழுங்காகப் போட்டுக்கொள்கிற ஆள், அது கிழியவே இல்லை.

இதை அன்றைக்கே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. உனக்கு வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அர்மிண்டா சொன்னதையும் வேண்டுமென்றேதான் எழுதினேன். நீ செத்தவர்களோடு இல்லை. முப்பது கட்டத்துக்கும் நடுவில் இருக்கிறாய். அவள் உன்னை வைக்க நினைத்த இடம் அது.

மேல்துணி முடிந்துவிட்டது. நாளைக்குப் போர்வையை இழுத்துக் கட்டித் தைக்கிற மரச்சட்டத்தை உத்தரத்தில் கட்டி இறக்கப்போகிறோம். பெண்கள் ஆறு பேர் வருகிறார்கள். மேட்டுச் சரிவில் சார்விஸ் மொட்டு வெளுத்துவிட்டது. உனக்குப் புதுச் சட்டைக்குத் துணி எடுத்துவைத்திருக்கிறேன், மாவுச்சாக்குதான். அதில் அரிசி அளவுக்குப் பச்சை இலை போட்டிருக்கிறது. ஆம்பிளைக்கு எடுக்காது என்று அர்மிண்டா சிரித்தாள். அதைப் போட்டுக்கொண்டு உட்கார். இல்லாவிட்டால் மரம் வெட்டுகிற சட்டையோடு உட்கார்.

ஒரேகானுக்குப் போகாதே. இறங்கி வா. நான் கத்தமாட்டேன். கொஞ்சம் கத்துவேன்.

தபால்காரர் கூப்பிடுகிறார்.

உன் லீனி

*

ஸ்பைஸ்வுட் ஓடை
ஏப்ரல் 12

என் செங்குருவிக்கு,

நான் ஒன்றாம் தேதி எழுதின கடிதம் சனிக்கிழமை திரும்பி வந்துவிட்டது. பிரிக்கவே இல்லை. உறைமேல் முகாம் எழுத்தர் பென்சிலில் எழுதியிருந்தார். முப்பதாம் தேதி நீ கூலி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாயாம். எங்கே என்று சொல்லவில்லையாம். உன் பெட்டியும் கம்பளியும் அங்கேயே கிடக்கிறதாம், யாராவது வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருந்தார்.

நான் அதைப் பல தடவை படித்தேன். பெட்டியை விட்டுவிட்டு ஒரேகானுக்கு யாராவது போவார்களா? அப்படியென்றால் வீட்டுக்குத்தான் வருகிறாய். வீட்டுக்கு வருகிறவன் பதின்மூன்று நாள் எடுப்பானா? அப்படியென்றால் வரவில்லை. இப்படியே இரண்டு பக்கமும் தைத்துக்கொண்டிருக்கிறேன். அண்ணன் கணவாய் தாண்டி ரயிலடி வரைக்கும் போய்க் கேட்டு வந்தார். செம்பட்டைத் தலையோடு ஒருத்தரும் இறங்கவில்லை என்றார்கள்.

நேற்று பிரசங்கம் நடந்தது. சார்விஸ் முழுதாகப் பூத்துவிட்டது. மற்ற மரமெல்லாம் கட்டையாக நிற்க, அது மட்டும் மேடு முழுக்கப் புகை மாதிரி வெள்ளையாக. போதகர் ராட்லிஃப் சரியாக மதியத்துக்கு வந்தார். போர்வையை முன்பெஞ்சில் விரித்தேன். குடிகாரன் போன பாதை மாதிரித்தான் இருந்தது. போதகர் குனிந்து ஒரு கட்டத்தைத் தொட்டு, இது அவள் தைத்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“ஆரம்பிக்கலாமா, சகோதரி?”

“கொஞ்சம் பொறுங்க.”

பொறுத்தார். குழந்தைகள் அலுத்துப்போய் மேட்டில் ஓட ஆரம்பித்தன. யாரோ இருமினார்கள். நான் கணவாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், இந்தத் தடவை கண்ணை எடுக்கவே இல்லை. அவர் மறுபடி கேட்டார். மறுபடி பொறுக்கச் சொன்னேன். மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். அவர் இன்னும் இரண்டு குடும்பத்துக்குப் பிரசங்கம் செய்யப் போகவேண்டும், மாரிஸ் வீட்டுக் கிழவருக்கும் ஒரு கைக்குழந்தைக்கும். அவர்களும் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தவர்கள். அதை நினைத்துத்தான் சரி என்றேன்.

அண்ணன் என் பக்கத்தில் உட்கார வந்தார். “அது இருக்கட்டும் அண்ணே” என்றேன். பின்பெஞ்சுக்குப் போய்விட்டார். போர்வையில் பாதி காலியாகவே இருந்தது. நல்ல பிரசங்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் நிற்கவில்லை. அவள் பெயரை நாலு தடவை சொன்னார், அதை எண்ணினேன்.

முடிந்ததும் அர்மிண்டா போர்வையை மடிக்க வந்தாள். உன் நீலத்தை விரலால் தடவிக்கொண்டே, “நான் வாய்க்கு வந்ததப் பேசிட்டேன்டி” என்றாள். அப்புறம், “துணி நல்ல துணி, இன்னும் இருபது வருஷம் வரும்” என்றாள். வீடு வரைக்கும் அவளே தூக்கிக்கொண்டு வந்தாள்.

இன்றைக்குக் காலையிலிருந்து குளிர் திரும்பிவிட்டது. சார்விஸ் பூத்தால் ஒரு குளிர் வராமல் போகாது, நாம் பார்த்ததுதானே. ஓடை ஓரத்தில் பனிக்கட்டி பிடித்திருக்கிறது. மார்ச் பூவெல்லாம் தலையைத் தொங்கவிட்டுவிட்டது. மரம் மட்டும் ஒரு இதழ்கூட உதிர்க்காமல் நிற்கிறது. வேலிக்கு அப்பால் அண்ணன் உருளைக்கிழங்குக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருக்கிறார், இரண்டு கோட்டுப் போட்டுக்கொண்டு.

போர்வையை நம் கட்டிலில் விரித்திருக்கிறேன். கனமாக இருக்கிறது, பஞ்சு நிறைய வைத்துவிட்டேன். நேற்று என் பக்கம்தான் படுத்தேன். உன் பக்கத்தை மடித்து வைக்க மனம் வரவில்லை, விரித்தபடியே விட்டிருக்கிறேன். ஆறு பெண்கள் தைத்தது, உள்ளே காற்று நுழையவில்லை. வியர்த்துவிட்டது எனக்கு. எழுந்து உட்கார்ந்து உன் கம்பளியை நினைத்தேன், அந்த முகாமில் யார் பெட்டிமேலோ மடித்துக் கிடப்பதை.

இந்தக் கடிதத்தை எங்கே போடுவது என்று தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை. பொழுது இறங்க இறங்கக் குளிர் ஏறுகிறது. நீ எந்த ஊரில் இருக்கிறாயோ, கணவாய்க்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ. இன்றைக்கு எதைப் போர்த்திக்கொண்டு படுப்பாய்?